நழுவாத தோள் சால்வை: மூன்றாவது முறையில் கைகூடியது

நேற்றுக் காலை ஆறரை மணிக்கு அத்தை விறகடுப்பின் முன் குனிந்து ஊதுகுழலால் நெருப்பை ஊதினார். பிறகு நிமிர்ந்து, பரணிலிருந்து இரண்டு விறகுகளை எடுத்தார். வாசலுக்குப் போய் உறைபனி படிந்திருந்த வாளியைத் தூக்கி வந்தார். அவர் தோளில் கிடந்த சால்வை ஒருமுறைகூட நழுவவில்லை. ஒரு தடவையாவது கை மேலே போய் அதை இழுத்துவிடுகிறதா என்று சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். போகவில்லை. ஆவணியில் தொடங்கிய பின்னல் வேலை மார்கழியில் முடிந்தது.

எங்கள் வீடு உதகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உயரம் என்பதால், டிசம்பரிலும் ஜனவரியிலும் விடியற்காலையில் புல்வெளி வெள்ளையாகிவிடும். அத்தைக்கு ஸ்வெட்டர் பிடிக்காது. சேலைக்கு மேல் போட்டால் கக்கத்தில் இறுக்குகிறது, அடுப்பு வேலையில் கை நீட்ட முடியவில்லை என்பார். பெரிய சால்வை போர்த்தினால் முனை அடுப்புக்குள் போகிறது. அவருக்கு வேண்டியதெல்லாம் தோளையும் மேல்முதுகையும் மட்டும் மூடுகிற, கைக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு சின்னச் சால்வை.

முதலில் பின்னியது எல்லோரும் பின்னும் சாதாரண முக்கோணம். கழுத்தின் பின்புறத்தில் சில கண்ணிகளில் (ஊசியில் ஏறும் நூல் வளையங்களில்) தொடங்கி, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் நான்கு கண்ணி கூட்டிக்கொண்டே போனால் தானாக முக்கோணம் விரியும். கடைத்தெருவில் 50 கிராம் உருண்டை 70 ரூபாய் என்று நான்கு உருண்டை அக்ரிலிக் என்ற செயற்கை நூல் வாங்கினேன். வீட்டில் இருந்த 8-ஆம் எண் அலுமினிய ஊசிகளை எடுத்துக்கொண்டேன். (இந்த எண் கணக்கில் எண் கூடக் கூட ஊசி மெலியும். 8 என்றால் 4 மில்லிமீட்டர், 7 என்றால் 4.5, 5 என்றால் 5.5.) 35 சென்டிமீட்டர் நீள ஊசியில் 150 கண்ணிக்கு மேல் ஏறியதும் நெரிசல் தாங்காமல் முனையிலிருந்து கண்ணிகள் வழுக்கத் தொடங்கின. ரப்பர் பாண்டைச் சுற்றித் தடுத்துச் சமாளித்தேன்.

பின்னி முடித்துப் போர்த்திவிட்டபோது அழகாகத்தான் இருந்தது. அத்தை இரண்டடி நடந்தார், வலது பக்கம் சரிந்தது. குனிந்தார், இரண்டு பக்கமும் முன்னால் வந்து விழுந்தது. "கண்ணு, இதைப் பிடிக்கவே ஒரு கை வேண்டும் போலிருக்கிறதே" என்றார். ஊக்கு குத்திப் பார்த்தோம். ஊக்கு நின்ற இடத்தில் நூல் இழுபட்டு ஓட்டை விழுந்தது.

அதைவிடப் பெரிய பாடம் நான்காம் நாள் வந்தது. அடுப்பிலிருந்து தெறித்த பொறி ஒன்று சால்வையில் பட்டு, மிளகு அளவுக்கு ஓட்டை. ஓட்டையின் ஓரம் உருகி, பிளாஸ்டிக் மணி போல இறுகிப்போயிருந்தது. அன்று மாலை மிச்சமிருந்த அக்ரிலிக் நூலில் ஒரு முழமும், பழைய கம்பளி மப்ளரில் பிரித்த நூலில் ஒரு முழமும் எடுத்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தேன். இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டினேன். அக்ரிலிக் உடனே பற்றிச் சொட்டியது. சொட்டிய இடத்தில் கறுப்பாக ஒரு கெட்டி உருண்டை. கம்பளி தயங்கித் தயங்கிக் கருகியது, தலைமயிர் பொசுங்கும் வாடை வந்தது, தீக்குச்சியை எடுத்ததும் தானே அணைந்தது. சாம்பலை விரலால் தேய்த்தால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு அக்ரிலிக் பின்னிக் கொடுக்கக் கூடாது என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். இதில் விலையைப் பார்க்கவே கூடாது.

ஆனால் வடிவம் சரியாக வராமல் விலை கூடிய நூலில் கை வைக்க மனம் வரவில்லை. ஓட்டை விழுந்த சால்வையையே பிரித்து ஒத்திகை நூலாக்கினேன்.

நழுவாத சால்வை எங்கே இருக்கிறது என்று தேடியபோது ஃபாரோ தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தேன். வட அட்லாண்டிக்கில், நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே, டென்மார்க்கைச் சேர்ந்த 18 தீவுகள். மனிதர்களைவிட ஆடுகள் அதிகம் என்று சொல்லப்படும் ஊர். அங்கே பெண்கள் போர்த்தும் சால்வை வெறும் முக்கோணம் இல்லை. முதுகின் நடுவே, மேலே குறுகிக் கீழே சற்று அகன்ற ஓர் ஆப்புத் துண்டு. அதன் இருபுறமும் இரண்டு இறக்கைகள். ஒவ்வோர் இறக்கையிலும் தோள் வருகிற இடத்தில் மட்டும் சில கண்ணிகளைக் கூட்டியோ குறைத்தோ தோளின் உருண்டைக்கு இடம் விட்டிருப்பார்கள். முனைகளும் நீளமானவை. மார்பின் குறுக்கே கொண்டுபோய் முதுகுப்பக்கம் முடிந்துகொள்ளலாம். ஊக்கே வேண்டாம், இரண்டு கையும் வேலைக்கு மிஞ்சும். அத்தைக்கு இதுதான் என்று படத்தைப் பார்த்ததுமே தோன்றியது.

அங்கே மரபாகக் கீழ் ஓரத்தில் நூற்றுக்கணக்கான கண்ணிகளைப் போட்டுத் தொடங்கி, குறைத்துக்கொண்டே கழுத்துக்கு ஏறுவார்கள். நான் தலைகீழாக, கழுத்திலிருந்து கீழே இறங்கினேன். அப்போதுதான் பாதியில் நிறுத்தி, தோளில் வைத்துப் பார்க்க முடியும்.

இரண்டாவது முயற்சியில் முதுகு ஆப்பு நன்றாக வந்தது. தோளில்தான் தவறினேன். கழுத்திலிருந்து 30 வரிசை இறங்கிய பிறகே தோளுக்குக் கூட்டத் தொடங்கினேன். அதாவது, 8 சென்டிமீட்டருக்குக் கீழே. கூட்டியதும் அதிகம்: ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில், 14 தடவை. போர்த்திப் பார்த்தால் தோளில் தளர்வு இல்லை, மேல்கையில் மட்டும் பை தொங்கியது. அத்தை அதற்குள் கையை விட்டுப் பார்த்து, "வெற்றிலை வைத்துக்கொள்ளலாம்" என்று சிரித்தார். முனைகளும் குட்டை. மார்பில் குறுக்கே வந்து அங்கேயே நின்றுவிட்டன, எதிலும் செருக எட்டவில்லை. போதாததற்கு கடைசிக் கண்ணிகளை, பிரியாதபடி ஊசியிலிருந்து கழற்றி முடிக்கையில், இறுக்கி அடைத்ததில் கீழ் ஓரம் உள்பக்கம் சுருண்டது.

ஆனாலும் அந்தப் பை எனக்கு வழி காட்டியது. ஆளை அளக்காமல், கண்பார்வையிலேயே எண்ணிக்கை வைத்திருக்கிறேன் என்று புரிந்தது. டேப்பை எடுத்தேன். கழுத்துப் பக்கத்திலிருந்து தோள் எலும்பின் முனை வரை அத்தைக்கு 12 சென்டிமீட்டர். பிடரி எலும்பிலிருந்து முதுகில் சால்வை முடிய வேண்டிய இடம் வரை 36. ஒரு பக்க இடுப்பிலிருந்து மார்பின் குறுக்கே ஏறி, பிடரியைச் சுற்றி, மறுபக்க இடுப்பு வரை வர 145. இந்த மூன்று அளவு போதும். கூடத்துச் சுவரில் தொங்கும் நாள்காட்டியின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்.

கம்பளி நூலை இமாச்சலத்திலிருந்து அஞ்சலில் வரவழைத்தேன். நடுத்தரக் கனத்தில் மெரினோ ஆட்டுக் கம்பளி, சாம்பல் நிறம், 100 கிராம் சிட்டம் (நூல் கட்டு) 520 ரூபாய், சிட்டத்துக்கு 220 மீட்டர். இரண்டு சிட்டம் 1,040, அஞ்சல் 90. கூடவே 4.5 மில்லிமீட்டரில் 80 சென்டிமீட்டர் நீள வட்ட ஊசி (இரண்டு ஊசி முனைகளை வளையும் கம்பி இணைத்திருக்கும்) 340. மொத்தம் 1,470 ரூபாய். இந்த வட்ட ஊசிச் செலவைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள். 380 கண்ணியும் நடுக் கம்பியில் அமைதியாக உட்கார்ந்திருக்கும், பாரம் மடியில் இறங்கிவிடும், மணிக்கட்டு வலிக்காது.

முதலில் ஒரு சாண் அளவுக்கு மாதிரித் துண்டு. இருபக்கமும் நேர்ப் பின்னல்தான், வயல் வரப்பு மாதிரி கோடு கோடாக எழும். இரண்டு வரிசைக்கு ஒரு வரப்பு. துவைக்கும் முன் 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணி, 36 வரிசை. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பின் 17 கண்ணி, 33 வரிசை. கணக்கைத் துவைத்த பின் வந்த எண்ணிக்கையில்தான் போட வேண்டும். இந்தத் துண்டிலேயே இன்னொன்றும் தெரிந்தது. சாதாரணக் குண்டூசிகளைக் குத்திக் காயவைத்தேன். ஐப்பசி மழையில் காய இரண்டு நாள் ஆனது, எடுத்துப் பார்த்தால் ஊசி இருந்த இடத்திலெல்லாம் துருப்புள்ளி. முழுச் சால்வையில் நடந்திருந்தால் அழுதிருப்பேன். துருப்பிடிக்காத எஃகு ஊசிகள் ஒரு பெட்டி, 60 ரூபாய்.

இனி மூன்றாவது சால்வையைப் பின்னிய கணக்கு. 3 கண்ணி போட்டு 22 வரிசை பின்னினேன். நாடா மாதிரி ஒரு துண்டு வந்தது, ஓரத்தில் 11 வரப்பு. நாடாவைத் திருப்பி, அந்த வரப்புகளிலிருந்து ஒவ்வொன்றாக 11 கண்ணி எடுத்தேன். தொடக்க ஓரத்திலிருந்து 3. ஊசியில் ஏற்கனவே இருந்த 3-ஐயும் சேர்த்து, ஆக, 17. இதில் இரண்டு ஓரத்திலும் மும்மூன்று கரைக் கண்ணிகள், நடுவில் ஆப்புக்கு 9, அதன் இருபுறமும் இறக்கைக்கு ஒவ்வொன்று. எல்லைகளைக் காட்ட, குளிர்பானம் உறிஞ்சும் குழாயை மோதிரம் போல மெல்லியதாக நறுக்கி ஊசியில் கோத்துக்கொண்டேன். ஊக்கு போட்டால் நூலில் மாட்டும், இது வழுக்கிக்கொண்டு போகும்.

கரைக்கு உள்பக்கம், இரண்டு முனையிலும் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கண்ணி கூட்டினேன். இரண்டாவது முயற்சியில் ஒரு வரிசை விட்டுத்தான் கூட்டியிருந்தேன், அதனால்தான் முனை எட்டவில்லை. ஆப்பின் இருபக்கமும், இறக்கைக்குள், முன்பக்க வரிசையில் மட்டும் (அதாவது ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில்) ஒவ்வொன்று. இந்த இடங்களிலெல்லாம் நூலை ஊசிமேல் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். சின்னத் துளை விழும், ஓரத்துக்கு இழுவை கிடைக்கும். ஆப்புக்குள்ளேயும் 12 வரிசைக்கு ஒருமுறை இரண்டு கண்ணி கூட்டினேன். 11-ஆம் வரிசையில் தொடங்கி 95-இல் முடிய, 8 தடவை.

தோளுக்குத்தான் எல்லாக் கவனமும். 12 வரிசை முடிந்ததும் இரண்டு இறக்கையிலும் நடுக் கண்ணியில் ஒரு குழாய் மோதிரத்தை வைத்தேன். 13-ஆம் வரிசையில் அதன் இருபுறமும் ஒவ்வொரு கண்ணி. பிறகு 17, 21 என்று நான்கு வரிசைக்கு ஒருமுறை, 45 வரை, 9 தடவை. இங்கே துளை விழக் கூடாது, விழுந்தால் தோளிலேயே குளிர் இறங்கும். அதனால் இரண்டு கண்ணிகளுக்கு நடுவே கிடக்கும் குறுக்கு நூலை இடது ஊசியால் தூக்கி, அதன் பின்பக்க இழையில் ஊசியை நுழைத்து முறுக்கிப் பின்னினேன். 45-ஆம் வரிசை என்பது துவைத்த கணக்கில் 13 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். தோள் எலும்பைத் தாண்டி விரற்கடை அளவு இறங்கித் தளர்வு முடியும். எலும்பு குல்லாய்க்குள் உட்கார்ந்த மாதிரி உட்காரும்.

இதிலும் ஒரு பிசகு. 37-ஆம் வரிசையில் எண்ணினால் இடது இறக்கையில் இரண்டு கண்ணி குறைவு. 29-ஆம் வரிசையில் ஒரு பக்கம் கூட்ட மறந்திருக்கிறேன். அன்றிரவு வீட்டில் விருந்தினர் இருந்தார்கள், பேச்சில் கவனம் போயிருக்க வேண்டும். அந்த இடத்திலேயே இரண்டு கண்ணி சேர்த்துச் சமாளித்துவிடலாம் என்று பார்த்தேன். நான்கு வரிசை போனதும் அங்கே சுருக்கம் தெரிந்தது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு பிரித்தேன். நல்லவேளையாக 20-ஆம் வரிசையில் எல்லாக் கண்ணிக்குள்ளும் வெள்ளைத் தையல் நூலைக் கோத்து விட்டிருந்தேன். ஊசியை உருவி, நூலை இழுக்க இழுக்க வரப்புகள் ஒவ்வொன்றாகக் கரைந்து, அந்த வெள்ளை நூலில் வந்து நின்றன. ஒரு கண்ணிகூட நழுவவில்லை. 20 வரிசைக்கு ஒருமுறை இந்தக் காப்பு நூலைக் கோக்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

48 வரிசை முடிந்ததும் ஊசியில் 205 கண்ணி. இறக்கைக்கு 91, 91, ஆப்புக்கு 17, கரைக்கு 6. எல்லாவற்றையும் நீளமான நூலுக்கு மாற்றி, அத்தையை வரச்சொல்லித் தோளில் வைத்தேன். அவர் கண்ணாடி முன் போய் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார், இறக்கினார். அரைகுறைச் சால்வை அப்படியே இருந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, தோளை மட்டும் ஒருமுறை தடவிக்கொண்டார். எனக்கு அன்றைக்கு அது போதும்.

அதன் பிறகு தோளில் கூட்டவில்லை, மற்றவை அப்படியே. 82-ஆம் வரிசையில் முதல் சிட்டம் தீர்ந்தது. முடிச்சுப் போடவில்லை. இரண்டு நூல் முனையையும் விரல் நீளத்துக்குப் பிரித்து, ஒன்றின்மேல் ஒன்றைக் கிடத்தி, உள்ளங்கையில் இரண்டு சொட்டு வெந்நீர் விட்டு வேகமாகத் தேய்த்தேன். சூடு பிறந்து, இழைகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கி ஒரே நூலாகிவிட்டன. இழுத்துப் பார்த்தேன், பிரியவில்லை. இப்போது சேர்ந்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. அக்ரிலிக்கில் இது நடக்காது. சுருங்காமல் இருக்கப் பதப்படுத்திய கம்பளியிலும் சேராது.

104-ஆம் வரிசையில் 381 கண்ணி. மீதி நூலைச் சமையலறைத் தராசில் வைத்தேன், 40 கிராம். இரண்டு வரிசை பின்னி மறுபடி நிறுத்தேன், 34. ஆக வரிசைக்கு 3 கிராம். கூட்டாமல் கரையாக, இந்த இரண்டையும் சேர்த்து, 8 வரிசைக்கு 24, அடைக்க 4 அல்லது 5 போதும் என்று கணக்குப் போட்டு இறங்கினேன். அடைக்கும்போது வலது கையில் மட்டும் 5-ஆம் எண் தடி ஊசியைப் பிடித்தேன். கண்ணி தளர்வாக விழுந்தது, ஓரம் சுருளவில்லை. அடைக்க மட்டும் ஒன்றரை மணி நேரம். மீதி 12 கிராம். பிரித்துப் பின்னியதையும் சேர்த்து 19 இரவுகள், சுமார் 26 மணி நேரம்.

வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டைச் சாற்றைக் கலந்து, 20 நிமிடம் ஊறவிட்டேன். பிழியவில்லை, துண்டில் வைத்துப் பாய் போலச் சுருட்டி மேலே ஏறி நின்று மிதித்தேன். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விட்டது. கட்டில் மெத்தையில் விரிப்பைப் போட்டு, ஓரத்தை இழுத்து எஃகு ஊசிகளைக் குத்தினேன். தோள் பகுதி படுக்கையில் தட்டையாகப் படியாது, படியவும் கூடாது. அந்த இரண்டு இடத்துக்கும் அடியில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தேன். அந்த வளைவிலேயே காய்ந்து நின்றது. மறுநாள் நல்ல வெயில், மாலைக்குள் உலர்ந்துவிட்டது. முனைக்கு முனை 146 சென்டிமீட்டர், முதுகில் 36, எடை 188 கிராம்.

அத்தை முனைகளை முதுகுப்பக்கம் முடியவில்லை. மார்பில் குறுக்கிட்டு, இரண்டையும் இடுப்பில் சேலைச் செருகலுக்குள் செருகிக்கொண்டார். ஃபாரோவில் சேலை இல்லை, இருந்திருந்தால் அவர்களும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

அடுத்ததை எனக்காகப் பின்னுகிறேன். என் தோள் 13.5 சென்டிமீட்டர், அதனால் 10 தடவை கூட்டுவேன். கழுத்து நாடாவை 22-க்குப் பதில் 26 வரிசையாக்கி ஆப்பை 11 கண்ணியில் தொடங்க வேண்டும். அத்தையின் சால்வை பிடரியில் கொஞ்சம் நெருக்கமாக இருக்கிறது, அவர் சொல்லவில்லை என்றாலும் எனக்குத் தெரிகிறது. சாம்பல் நிறம் அடுப்புக்கரியை மறைக்கும் என்றுதான் எடுத்தேன், மறைக்கவில்லை. கருநீலம் வாங்க வேண்டும். அத்தைக்கு வலது தோள் இடதைவிடச் சற்று இறங்கியிருக்கிறது, பல வருடம் விறகு சுமந்த தோள். அடுத்த குளிருக்கு அவருக்கு இன்னொன்று பின்னினால் வலது பக்கம் மட்டும் ஒரு தடவை கூடுதலாகக் கூட்டிப் பார்ப்பேன். அந்த 12 கிராம் நூலைச் சிட்டமாகச் சுற்றி, இரண்டு கிராம்பு வைத்து, டப்பாவில் போட்டிருக்கிறேன். முழங்கை பட்டுத் தேயும் இடத்தில் ஒட்டுப்போட உதவும்.